வீட்டுக் கணினியின் தானியங்கி அப்டேட்: கட்டுப்படுத்தும்போது நேரும் தவறுகள்

மதுரை மாசி வீதிகளில் உள்ள கடைகளுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதித் தருவோரிடம் பேசினால், ஜிஎஸ்டி தாக்கல் செய்ய உட்காரும் நாளில்தான் விண்டோஸ் "ரீஸ்டார்ட் செய்யவும்" என்று வந்து நிற்கிறது என்ற புலம்பலைத் தவறாமல் கேட்கலாம். இதற்குக் காரணம் நாள்காட்டியில் இருக்கிறது. மைக்ரோசாப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்காவில் அது காலை நேரம், நமக்கு இரவு பத்தரைக்கு மேல் ஆகிவிடும் என்பதால், பெரும்பாலான வீடுகளில் புதன்கிழமைதான் அது வந்து சேர்கிறது. இரண்டாவது செவ்வாய் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். விற்பனை விவரங்களைத் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்குக் கடைசி நாள் 11. இரண்டும் மோதிக்கொள்வதில் வியப்பில்லை.

இந்த எரிச்சலில் பலரும் செய்யும் முதல் தவறு, அப்டேட்டை அடியோடு முடக்கப் பார்ப்பது. பின்னணியில் ஓடும் நிரல்களைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலுக்குப் போய் விண்டோஸ் அப்டேட்டை "டிசேபிள்" செய்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். ஆனால் அதைக் கண்காணித்துப் பழையபடி ஓட வைப்பதற்கென்றே இன்னொரு சர்வீஸ் உள்ளே இருப்பதால், சில நாட்களில் எல்லாம் முன்போலவே ஆகிவிடுகிறது. அதன் பிறகு, அப்டேட்டை ஒரே சொடுக்கில் நிறுத்தித் தருவதாகச் சொல்லும் ஏதோ ஒரு மென்பொருளைத் தரவிறக்கி, அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியையும் கொடுத்துவிடுகிறார்கள். ஊர் பேர் தெரியாத ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. 2017 மே 12 அன்று உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல், எந்த ஓட்டை வழியாக நுழைந்ததோ அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியாகிவிட்டது என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

முறையான வழி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் உள்ள "பாஸ் அப்டேட்ஸ்" மூலம் ஒரு வாரத்திலிருந்து ஐந்து வாரம்வரை தள்ளிவைக்கலாம். இதை ஐந்து வாரம் என்று வைத்துவிட்டு மறந்துபோவதுதான் அடுத்த தவறு, ஏனென்றால் அந்தக் காலத்தில் பாதுகாப்பு அப்டேட்டும் சேர்ந்தே நிற்கிறது. கணக்கு வேலைக்கு ஒரு வாரத் தவணை தாராளமாகப் போதும். அடுத்து "ஆக்டிவ் ஹவர்ஸ்": நாம் வேலை செய்யும் நேரம் என்று குறிப்பிட்டால் அந்நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது, அதிகபட்சம் 18 மணி நேரம் குறிக்கலாம். காலை 8 முதல் நள்ளிரவு தாண்டி 2 மணிவரை என்று வைத்தாலும், மீதி ஆறு மணி நேரத்தில் கணினிக்கு மின்சாரம் இருந்தால்தான் அந்த ஏற்பாடு பலிக்கும். தூங்கா நகரத்திலும் பிளக் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறோம். ஆகவே மாதத்தில் அந்த ஓர் இரவு மட்டும் மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டு, ஸ்லீப்பில் விட்டுவைப்பது நல்லது.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் செல்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியே பல கணினிகள் ஓடுகின்றன. நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் பேக்கில் பெரிய அப்டேட் ஒன்று இறங்கினால், அன்றைய டேட்டா காலையிலேயே தீர்ந்துவிடும். அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரைச் சொடுக்கி "மீட்டர்டு கனெக்‌ஷன்" (டேட்டாவுக்கு அளவு உள்ள இணைப்பு) என்பதை ஆன் செய்தால், பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்குவதில்லை. இந்த அமைப்பு ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியானது என்பதை அறியாமல், வீட்டில் ஃபைபர் இணைப்பு வந்த பிறகு அதற்கும் மீட்டர்டு என்று போட்டுவைத்து, மாதக்கணக்கில் அப்டேட்டே இல்லாமல் இருப்போரும் உண்டு. ஃபைபர் உள்ள உறவினர் வீட்டுக்குப் போகும்போது மடிக்கணினியைக் கையோடு எடுத்துச் சென்று அப்டேட்டை முடித்துக்கொள்வது கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஏற்ற வழி.

அப்டேட் நடுவில் மின்சாரம் போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை முதல் மாலைவரை மின்தடை இருக்கும். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் முதல் நாளே பட்டியல் வந்துவிடும். அதில் நம் பகுதி இருந்தால், காத்திருக்கும் ரீஸ்டார்ட்டை அன்றிரவே முடித்துவிடலாம். "இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்று மேசைக் கணினிக்காரர்கள் அசட்டையாக இருக்கக் கூடாது. பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலை காட்டும் சிறு சுவிட்ச் ஒன்று இருக்கும். அது நார்மலில் இருந்தால், மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும் நொடிப்பொழுதில் மின்விசிறி நிற்காமல் சுற்றும், கணினியோ அணைந்து மீண்டும் எழும். அப்படி நடுவில் அணைந்தால் விண்டோஸ் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட் நடக்கும்போது அணைந்தால் மதர்போர்டே வீணாகலாம் என்பதால், அதை வானம் இருட்டிக்கொண்டு இடி முழங்கும் ஐப்பசி மாலையில் தொடங்கவே வேண்டாம்.

"ஆப்ஷனல் அப்டேட்ஸ்" என்ற பகுதியில் இருப்பதையெல்லாம் டிக் செய்து நிறுவும் ஆர்வமும் தேவையற்றது. அச்சுப்பொறி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போது அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றி வம்பை விலைக்கு வாங்குவானேன்? இணையப் பக்கத்தின் நடுவே "உங்கள் குரோம் பழையதாகிவிட்டது" என்று மிரட்டும் பெட்டியை ஒருபோதும் சொடுக்கக் கூடாது. குரோமின் சொந்த மெனுவில் "அபவுட்" பக்கத்தைத் திறந்தாலே உண்மை தெரிந்துவிடும். விண்டோஸ் 10 வைத்திருப்போர், அப்டேட் தொந்தரவு நின்றுவிட்டது என்று மகிழ வேண்டாம். அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதால்தான் அந்த அமைதி.

ஓர் அப்டேட்டுக்குப் பிறகு உண்மையிலேயே கோளாறு வந்தால், உடனே ஃபார்மேட் செய்யக் கொண்டு ஓடுவது வீண் செலவு. அப்டேட் ஹிஸ்டரியில் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" மூலம் பெரும்பாலான மாதாந்திர அப்டேட்டைத் தனியாக நீக்கலாம். விண்டோஸின் பதிப்பே மாறியிருந்தால், ரிகவரி பக்கத்தில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி வழக்கமாகப் பத்து நாள் இருக்கும். அந்தப் பத்து நாளுக்குள் சி டிரைவில் இடம் போதவில்லை என்று பழைய பதிப்பை வைத்திருக்கும் "விண்டோஸ்.ஓல்டு" கோப்புறையை அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும் என்பதால், இடம் வேண்டுமென்றால் முதலில் படங்களையும் வீடியோக்களையும் வேறு டிரைவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.