போக்குவரத்து சலான்: நெல்லையில் எங்கே தேடுவது, எப்படி முடிப்பது

வண்டி நம்பருக்கு அபராதம் விழுந்திருக்கிறது என்று போனில் செய்தி வந்ததுமே பணம் கட்டக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்த சலான், அதாவது அபராதச் சீட்டு, இப்போது யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் கட்டினால், பணமும் போகும், வழக்கும் அப்படியே நிற்கும். சலான் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். எழுதிய போலீஸிடமோ ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ இருக்கலாம், இணைய வழியில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம், இல்லையென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நம்பர் வாங்கியிருக்கலாம். எங்கே இருக்கிறதோ அங்கேதான் முடிக்க முடியும்.

அதற்கும் முன்னால் செய்தி நிஜமா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஆர்.டி.ஓ. சலான்’ என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு, வந்தால் தொடவே வேண்டாம். அரசு எந்த சலானையும் ஏ.பி.கே.யாக அனுப்புவதில்லை. செய்தியில் உள்ள இணைப்பைத் தட்டாமல், மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே உலாவியில் திறந்து தேடுவதுதான் பத்திரம். முகவரி ‘கவ் டாட் இன்’ (gov.in) என்று முடிய வேண்டும். ஏமாந்து கோப்பை நிறுவிவிட்டால் உடனே நெட்டைத் துண்டித்து, வங்கிக்குச் சொல்லி, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

தளத்தில் தேடுவது

இ-சலான் தளத்தில் சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் என மூன்று வழியில் தேடலாம். சலான் எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் அந்த ஒன்றுதான் வரும். வண்டி எண்ணைப் போட்டால் நமக்குத் தெரியாமல் கிடக்கும் பழையதும் சேர்ந்து வரும், ஆகவே அதையே செய்யுங்கள். சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கம் கேட்கும். ஆர்.சி. புத்தகம் அழிந்து போயிருந்தால் இன்ஷூரன்ஸ் தாளில் அந்த எண் இருக்கும்.

இங்கே பாதிப் பேர் மாட்டிக்கொள்வது வண்டி எண்ணை அடிக்கும் விதத்தில். இடைவெளி விடக் கூடாது. கடைசி எண் நாலு இலக்கமாக இருக்க வேண்டும். பிளேட்டில் ‘டி.என். 72 ஏ.எக்ஸ். 45’ என்று இருந்தால் 0045 என்று அடிக்க வேண்டும். வெறும் 45 அடித்துவிட்டு ‘சலான் எதுவும் இல்லை’ என்று நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு. திருநெல்வேலி 72, தென்காசி 76, தூத்துக்குடி 69, நாகர்கோவில் 74. பழைய வண்டி வாங்கியவர்கள் பதிவெண் எந்த அலுவலகத்தில் இருந்தாலும் அதே எண்ணைத்தான் போட வேண்டும். இப்போது இருக்கும் ஊர் இதில் கணக்கில்லை.

ஓ.டி.பி. வரவில்லையென்றால் ஆர்.சி.யில் பழைய செல் நம்பர் இருக்கலாம். அபராதச் செய்தி வராமல் போவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். பரிவாகன் தளத்திலேயே நம்பரை மாற்றிவிட்டு மறுபடி தேடுங்கள்.

சலான் திறந்ததும் பணம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் படத்தைப் பாருங்கள். நம்பர் பிளேட், வண்டியின் நிறம், மாடல், இடம், நேரம். உங்களுடையது வெள்ளை ஆக்டிவா, படத்தில் இருப்பது கறுப்பு பல்சர் என்றால் கேமரா எண்ணைத் தவறாக வாசித்திருக்கிறது, அல்லது யாரோ உங்கள் நம்பரை ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். இரண்டாவது என்றால் சலானோடு நிற்காது, போலீஸில் புகாரும் கொடுத்து ரசீது வாங்கி வைக்க வேண்டும். நாளைக்கு அந்த வண்டி விபத்தில் மாட்டினால் முதலில் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

பிரிவைப் படியுங்கள்

சலானில் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு எண் அச்சாகி இருக்கும். ஹெல்மெட்டுக்கு 194 டி, மூன்று பேர் போனால் 194 சி, சீட் பெல்ட்டுக்கு 194 பி, மூன்றுக்கும் 1,000 ரூபாய். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 181, 5,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் 196, முதல் முறை 2,000, அடுத்து 4,000. ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 194 இ, 10,000 ரூபாய். இவற்றில் பலவற்றுக்கு 200-வது பிரிவின்படி இணக்கத் தொகை கட்டினால் கோர்ட்டுக்குப் போகாமல் முடிந்துவிடும். அந்தத் தொகைகளைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் உயர்த்தியது.

குடித்துவிட்டு ஓட்டும் 185 அப்படி இல்லை. அது கோர்ட்டுக்குத்தான் போகும். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், மறுமுறை இரண்டு வருடம் வரை சிறையோ 15,000 ரூபாயோ இரண்டுமோ. ‘ஸ்டேஷனிலேயே பேசி முடிச்சுத் தாரேன்’ என்று யாராவது இதற்குப் பணம் கேட்டால் நம்ப வேண்டாம். 18 வயது நிரம்பாத பையன் ஓட்டியிருந்தால் 199 ஏ. வண்டிச் சொந்தக்காரருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாயும் மூன்று வருடம் வரை சிறையும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைக்கு டியூஷன் போக வண்டிச் சாவியைக் கொடுக்கிறவர்கள் இந்தப் பிரிவை ஒரு தடவை முழுதாகப் படிப்பது நல்லது.

‘ஹெல்மெட் அபராதம் கட்டியாச்சே, அப்புறம் ஏன் லைசென்ஸுக்கு நோட்டீஸ்?’ என்று கேட்பார்கள். 194 சி, 194 டி இரண்டிலும் அபராதத்தோடு மூன்று மாத லைசென்ஸ் தகுதி நீக்கமும் சேர்ந்தே இருக்கிறது. பணம் கட்டுவது அதைத் தடுக்காது என்று 2019 திருத்தம் சொல்கிறது. அந்த நோட்டீஸ் ஆர்.டி.ஓ.விடமிருந்து வரும். குறித்த நாளில் நேரில் போய் விளக்கம் கொடுக்காமல் விட்டால் உங்கள் பக்கம் கேட்காமலே முடிவெடுத்துவிடுவார்கள்.

கட்டுவதா, மறுப்பதா

தப்பு நம்முடையதுதான், தளத்தில் ‘நிலுவை’ என்று காட்டுகிறது, கோர்ட்டுக்கு அனுப்பியதாகக் குறிப்பு இல்லை என்றால், அதே தளத்தில் கட்டி ரசீதை இறக்கி வையுங்கள். வங்கியில் பணம் போய்விட்டது, தளத்தில் இன்னும் நிலுவை என்று காட்டினால் அவசரப்பட்டு இரண்டாவது முறை கட்டாதீர்கள். நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் பகுதி அந்தத் தளத்திலேயே இருக்கிறது. அதில் பாருங்கள், வங்கிப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு ஓரிரு நாள் விடுங்கள்.

மறுப்பதென்றால் தளத்தின் புகார்ப் பகுதியில் சலான் எண்ணோடு ஆதாரத்தை ஏற்றலாம். கூடவே எழுதிய அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுப்பது நல்லது. இங்கே ஒரு குழப்பம் உண்டு. வண்ணாரப்பேட்டை, சமாதானபுரம், டவுன், மேலப்பாளையம் எல்லாம் மாநகரக் காவல் ஆணையர் எல்லை. நாங்குநேரி, அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் மாவட்ட எஸ்.பி. எல்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் எழுதியதென்றால் அது ஆர்.டி.ஓ. அலுவலகத்தைச் சேர்ந்தது. மாநகர சலானுக்கு எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுத்தால் ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். சலானின் மேல்பகுதியில் அலுவலகப் பெயர் இருக்கும்.

கேமரா சலானுக்கு ஒரு பிடி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 167 ஏ, 2021-ல் வந்தது. நோட்டீஸ் குற்றம் நடந்த 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும், அதில் நம்பர் பிளேட் தெரியும் படம், நாள், நேரம், இடம், மீறிய பிரிவு எல்லாம் இருக்க வேண்டும். எதாவது குறைந்தால் மனுவில் அதை முதல் வரியாக எழுதுங்கள். ‘நான் அன்னைக்கு வீட்டில்தான் இருந்தேன்’ என்பதை விட இதற்கு எடை அதிகம்.

வண்டியை விற்றும் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. 50-வது பிரிவின்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வாங்கிய விற்பனை ஒப்பந்தம் வாங்கியவரைப் பிடிக்க உதவும், ஆனால் பதிவேட்டில் பெயர் உங்களுடையது என்றால் சலானும் சம்மனும் உங்களுக்குத்தான் வரும். விபத்து இழப்பீட்டிலும் பதிவுப் பெயரில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கோர்ட்டுக்குப் போன வழக்கைக் கண்டுபிடிப்பது

சலான் கோர்ட்டுக்குப் போய்விட்டது என்று காட்டினால், முதலில் மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் மாநிலத்தையும் துறையையும் தேர்ந்து, சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ போட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால் ஒப்புக்கொண்டு கட்டலாம். மறுத்தால் வழக்கு எல்லைக்குரிய கோர்ட்டுக்கு மாறும், பிறகு நேரில் போக வேண்டியிருக்கும்.

அங்கே இல்லையென்றால் இ-கோர்ட்ஸ் தளம், அல்லது அதன் செயலி. தமிழ்நாடு, திருநெல்வேலி மாவட்டம், பிறகு கோர்ட் வளாகம். எந்த வளாகம் என்பது குற்றம் நடந்த இடத்தைப் பொறுத்தது, உங்கள் வீட்டு முகவரியைப் பொறுத்ததல்ல. மாநகரத்தில் நடந்ததென்றால் பாளையங்கோட்டை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம். மற்றபடி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர் என்று தனித்தனிக் கோர்ட்டுகள். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. ஆகவே குற்றாலம், செங்கோட்டை பக்கத்துப் பழைய வழக்கு தென்காசியில் கிடைக்காவிட்டால் திருநெல்வேலியிலும் தேடிப் பாருங்கள்.

போக்குவரத்து வழக்குகள் பெரும்பாலும் எஸ்.டி.சி., அதாவது சுருக்க விசாரணை வழக்கு என்ற வகையில் இருக்கும். எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் ஸ்டேஷன், எண், ஆண்டு கொடுத்துத் தேடுவதுதான் சுருக்குவழி. எதுவும் இல்லாமல் பெயரை வைத்துத் தேடும்போதுதான் தலைவலி. பெயர்கள் ஆங்கிலத்தில் ஏறியிருக்கும். நம்ம ஊர் இசக்கிமுத்து ஒரு வழக்கில் ‘இ’ ஒலிக்கு ‘ஐ’ எழுத்தில் தொடங்குவார், இன்னொன்றில் ‘ஈ’ எழுத்தில். சுடலைக்கு ‘எஸ்’ஸும் உண்டு ‘சி.எச்.’சும் உண்டு, பேச்சிக்கு நடுவில் ‘டி’ இருந்தாலும் இருக்கும். முழுப் பெயரை அடிக்காமல் நாலைந்து எழுத்தோடு நிறுத்தி, ஒவ்வொரு எழுத்துமுறையையும் போட்டுப் பாருங்கள். ஆண்டு குற்றம் நடந்த ஆண்டு இல்லை, கோர்ட்டில் பதிவான ஆண்டு. டிசம்பர் சலான் என்றால் அடுத்த வருடத்தையும் பார்க்க வேண்டும். ‘நிலுவை’, ‘முடிந்தவை’ இரண்டிலும் தேடுங்கள். வழக்கு கிடைத்ததும், அந்த வழக்குக்கென்றே உள்ள பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்து வையுங்கள். அது இருந்தால் இனி எந்தத் தேடலும் வேண்டாம்.

தளத்தில் ஏறாத வழக்கும் உண்டு. அப்போது கோர்ட் வளாகத்துக்குப் போய், சலான் போட்ட ஸ்டேஷனின் கோர்ட் கான்ஸ்டபிளைப் பாருங்கள். ‘அண்ணாச்சி, இந்த வண்டி நம்பருக்கு எஸ்.டி.சி. நம்பர் ஆயிருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க’ என்று சலான் நகலோடு கேட்டால் போதும். எந்த ஸ்டேஷன், என்ன தேதி என்று தெரியாமல் போனால் அவரும் ஒன்றும் செய்ய முடியாது.

கோர்ட்டில் நிற்கும் நாள்

காலை பத்தரைக்குக் கோர்ட் தொடங்கும், பத்துக்கே போய்விடுங்கள். ஆதார், லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் அசலும் நகலும், சம்மன், சலான் அச்சு, ரொக்கம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றே அபராதம் விதித்து முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்காமல் வளாகத்தை விட்டு வெளியே வராதீர்கள். பெயர் மாற்றம், தடையின்மைச் சான்று, எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சான்று எடுக்கப் போகும்போது பழைய சலான் முட்டுக்கட்டையாக நின்றால் காட்டுவதற்கு அந்த ஒரு தாள்தான் இருக்கும். ஒப்புக்கொள்வது என்பது தண்டனைப் பதிவு. டிரைவர் வேலையில் இருப்பவர்கள் 184 (ஆபத்தாக ஓட்டுவது), 185 போன்ற பிரிவுகளில் வக்கீலிடம் பேசாமல் தலையாட்ட வேண்டாம்.

சம்மனுக்குப் போகாமல் விட்டு வாரண்ட் வந்துவிட்டால் பயந்து ஒளிய வேண்டாம். வக்கீல் மூலம் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 72(2)-ன் கீழ் வாரண்டை ரத்து செய்யக் கோரி மனுப்போட்டு, அன்றே நேரில் ஆஜரானால் சாதாரண வழக்குகளில் பெரும்பாலும் ரத்தாகிவிடும். வெறும் அபராதம் மட்டுமே உள்ள குற்றத்தைக் குற்றம் நடந்த ஆறு மாதத்துக்குள் கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 514. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் கோர்ட்டுக்கு உண்டு. ஆகவே நாள் கணக்கைப் பார்த்து வக்கீலிடம் சொல்லுங்கள், அதை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், தொலைபேசி 15100. தேசிய மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாட்களில் இணக்கமாக முடிக்கக்கூடிய வழக்குகளை அங்கேயே எடுப்பார்கள். அன்று காலையில் போய் நின்றால் பட்டியலில் பெயர் இருக்காது. சில வாரம் முன்பே மனுக் கொடுங்கள்.

கேரளத்து சலான்

புளியரை வழியாகவும் களியக்காவிளை வழியாகவும் போய்வருகிறவர்களுக்கு இது தனிக் கதை. கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போடுகின்றன. சபரிமலைக்குப் போன வேனுக்கு மாசி மாதம்தான் சலான் கண்ணில் படும். அதுவும் இதே பரிவாகன் தளத்தில், இதே வண்டி எண்ணில் வரும். மெய்நிகர் நீதிமன்றத்தில் கேரளத்துக்குப் போக்குவரத்துத் துறை, போலீஸ் என்று இரண்டு தலைப்பு இருக்கும், இரண்டிலும் பாருங்கள். மறுத்தால் அந்த ஊர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பஸ் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும் அபராதத்தைத் தாண்டிவிடும். படம் தெளிவாகத் தவறாக இருந்தால் மட்டும் புகார்ப் பகுதியில் ஏற்றுங்கள், மற்றபடி அங்கேயே கட்டிவிட்டு ரசீதை வண்டிக் கோப்பில் வையுங்கள்.