மூத்த ராக் குழுவின் அரங்கக் கச்சேரி: ரசிகர் கருத்தைத் திரட்டுவது எப்படி?

முதலில், ரசிகர் எங்கே அமர்ந்திருந்தார் என்று கேளுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டரே செல்வதால், மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருந்தவருக்கு, டிரம் குச்சி விழுந்து ஏறத்தாழ 0.3 நொடி கழித்தே அடி கேட்டிருக்கும். தாளம் தப்பியதாக அவர் குறைப்பட்டால், பழியை உடனே டிரம்மர்மேல் போட்டுவிடாதீர்கள்.

1962இல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன்ஸ் போன்ற குழுவாயின், எந்த ஆண்டுக் கச்சேரியோடு ஒப்பிடுகிறார் என்பதையும், அது 2021இல் டிரம்மர் சார்லி வாட்ஸ் மறைவதற்கு முந்தையதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வயதான பாடகர் சுருதியை இறக்கிப் பாடுவதைக் குறையாகச் சொல்வது, என் பார்வையில், நியாயமன்று.

அன்றிரவே கேளுங்கள்; கூடவே பாடித் தொண்டை கட்டியவர் கம்மிய குரலில் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள்.