வெளிநாட்டு ட்யூமர் போர்டுக்கு கேஸ் அனுப்பும்போது

ட்யூமர் போர்டு என்பது புற்றுநோய் கேஸ்களைச் சேர்ந்து விவாதிக்கும் பல துறை மருத்துவர்களின் குழு. அவர்களிடம் கேட்கும் கேள்வியை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள்: 'முன்னால் கீமோவா, அறுவையா?' கேள்வி மங்கலாக இருந்தால் பதிலும் அப்படியே வரும்.

சிடி, எம்ஆர்ஐ படங்களை டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான மூல டிஜிட்டல் வடிவம்) கோப்பாகவே அனுப்புங்கள். ஃபிலிமை மொபைலில் படம் பிடித்தால் விண்டோ (எந்தத் திசு தெளிவாகத் தெரிய வேண்டுமோ அதற்கேற்ற வெளிச்ச அளவு) மாற்றிப் பார்க்க முடியாது. நுரையீரலின் சிறு முடிச்சுகள் தப்பிவிடும். நோயாளி பெயரை ஹெடரில் (கோப்போடு சேர்ந்து வரும் விவரப் பகுதி) நீக்கினால் மட்டும் போதாது. அல்ட்ராசவுண்டில் படத்தின் மேலேயே பெயர் பதிந்திருக்கும், அதையும் மறையுங்கள்.

மார்பகப் புற்றில் ஹெர்2 (புற்றுசெல்லில் பார்க்கும் ஒரு புரதம்) '2+', அதாவது உறுதியாகச் சொல்ல முடியாத முடிவு, என்று நிறுத்திவிடாதீர்கள். ஃபிஷ் போன்ற மரபணுச் சோதனை முடிவு இல்லாமல், ஹெர்2-ஐத் தாக்கும் மருந்தான டிராஸ்டுசுமாப் தரலாமா என்று யாராலும் சொல்ல முடியாது.

உயரம், எடை, கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்த அளவு), உங்களிடம் கிடைக்கும் மருந்துகள், ரேடியேஷன் வசதி எல்லாம் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால், உங்கள் ஊரில் செய்யவே முடியாத சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள்.

ஆன்லைன் சந்திப்பு நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) சொல்லுங்கள். அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும்.