அலமாரிக்குள் மைக்ரோவேவ் வைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

வீடு கட்டுகிறவர்களும் சரி, பழைய அடுப்படியை இடித்துப் புதுசாக்குகிறவர்களும் சரி, மைக்ரோவேவைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஒயரிங் முடிந்து, டைல்ஸ் ஒட்டி, மேடைக்கு கிரானைட் போட்டு, ஆசாரி அலமாரி எல்லாம் அடித்து முடித்த பிறகு, காலியாகக் கிடக்கும் ஒரு தட்டைக் காட்டி "இதுல மைக்ரோவேவ் வச்சுக்கலாம்" என்பார்கள். எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் நான் பார்த்த சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியில் ஆரம்பித்தவைதான். அலமாரிக்குள் பொருத்துவதற்கென்றே செய்த பில்ட்-இன் மைக்ரோவேவ் நல்ல சாமான், வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் எந்த மாடல் என்று முடிவு செய்து, அதன் அளவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு அப்புறம் எலக்ட்ரீசியனையும் ஆசாரியையும் கூப்பிடுங்கள்.

அலமாரிக்குள் ஏன் வைக்க வேண்டும் என்று கேட்டால், மேடைதான் காரணம். சூடான காற்றில் கேக்கும் சுடக்கூடிய 28 லிட்டர் கன்வெக்‌ஷன் மெஷின் ஒன்று மேடையில் ஏறினால் அகலத்தில் ஒன்றே முக்கால் அடி போய்விடும், ஆழத்தில் கிட்டத்தட்ட முழு மேடையும் போய்விடும். மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் பலவற்றில் அடுப்படியே ஒரு ஆள் நின்று திரும்பும் அளவுக்குத்தான் இருக்கும். அங்கே மேடையில் ஏற்கெனவே கேஸ் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் ஃபில்டர் எல்லாம் இடம் பிடித்திருக்க, காய் நறுக்கப் பலகை வைக்கவே இடம் தேட வேண்டியிருக்கும். மெஷின் அலமாரிக்குள் போனால் அந்த இடம் திரும்பக் கிடைக்கிறது. தாளிக்கிற எண்ணெய் அதன் மேல் தெறிப்பதில்லை, நடக்கப் பழகும் பிள்ளைகளின் கைக்கு எட்டுவதில்லை, முழங்கால் வலிக்கிற அம்மா குனியாமல் சாம்பாரைச் சூடு பண்ண முடிகிறது. இவை எல்லாம் உண்மையான வசதிகள். தப்பாக வைத்தால் இதில் பாதி கிடைக்காது.

இருப்பதிலேயே பெரிய தவறு, மேடையில் வைப்பதற்கென்று செய்த சாதாரண மைக்ரோவேவை வாங்கி அலமாரித் தட்டுக்குள் தள்ளிவிடுவது. விலை கம்மி, பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கிறது, பிறகு என்ன என்று தோன்றும். உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது. மெஷினுக்குள் மேக்னட்ரான் என்றொரு குழாய் இருக்கிறது, 2450 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குவது அதுதான். மெஷின் இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் சாப்பாட்டுக்குப் போகிறது, மீதி முழுக்க மெஷினுக்குள்ளேயே சூடாக நிற்கிறது. அந்தச் சூட்டை விசிறி வெளியே தள்ளியாக வேண்டும். சாதாரண மாடலில் காற்று போகும் ஓட்டைகள் பக்கவாட்டிலும் பின்னாலும் இருக்கும், அதனால்தான் பல மாடல்களின் கையேட்டில் சுற்றிலும் இடைவெளியும், மேலே 20 முதல் 30 செ.மீ. வரை காலியிடமும் விடச் சொல்லியிருப்பார்கள். மூடிய தட்டுக்குள் வைத்தால், வெளியே தள்ளிய சூட்டுக் காற்றையே விசிறி திரும்ப உள்ளே இழுக்கும்.

திருநகரில் எங்கள் மதினி வீட்டில் இதுதான் நடந்தது. சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்த நேரம். ஒருத்தருக்குப் பால், இன்னொருத்தருக்குக் குழம்பு என்று காலையிலிருந்து மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்துத் தானாக வேலை செய்தது, மறுபடி நின்றது. சர்வீஸ் ஆள் இரண்டு தடவை வந்தார்; வந்தவர் ஒவ்வொரு தடவையும் மெஷினைத் தூக்கி மேடையில் வைத்து ஓட்டிப் பார்த்தார், அங்கே அது அழகாக ஓடியது. மூன்றாவது தடவை வந்த வேறொரு பையன்தான், "அக்கா, இதை உள்ள வச்சபடியே ஓட்டுங்க பார்ப்போம்" என்று சொல்லி, கையைத் தட்டின் மேல் பலகையில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். சூடு அளவு தாண்டியதும் உள்ளே இருக்கும் தெர்மல் கட்-அவுட் மெஷினை நிறுத்தியிருக்கிறது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. மதுரை வெயிலில் சித்திரை மாதம் வெளியிலேயே 40 டிகிரியை ஒட்டி நிற்கும்போது, மூடிய மரப்பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேல் பலகையில் ஒட்டியிருந்த மைக்கா ஓரத்தில் பிளந்துவிட்டது, அதைச் சரி செய்யவே தனிச் செலவு.

பில்ட்-இன் என்று செய்து வரும் மாடலில் காற்றுப் போகும் வழியே வேறு மாதிரி இருக்கும், அலமாரிக்குள் வைப்பதற்கென்றே அதை அமைத்திருப்பார்கள். சில சாதாரண மாடல்களுக்கு டிரிம் கிட் என்ற முகப்புச் சட்டத்தை அதே கம்பெனி விற்கும், அந்தச் சட்டத்தோடு அதை உள்ளே வைக்கலாம். கம்பெனி சொல்லாத மாடலுக்கு, பார்வைக்குப் பொருந்துகிறதே என்று நாமாக மரச்சட்டம் அடிக்கக் கூடாது. வாரண்டி கேட்கும்போது அதையே காரணமாகச் சொல்வார்கள்.

சரி, பில்ட்-இன் மாடலே வாங்கியாகிவிட்டது. அடுத்த சண்டை அளவில் வரும். நம் ஆசாரிகள் இஞ்ச், நூல் கணக்கில் பழகியவர்கள். ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒன்று, அதாவது 3 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். மெஷினின் தாளில் எல்லாம் மி.மீ.யில் இருக்கும். முகப்பு 60 செ.மீ. வரும் மாடல்கள் பலவற்றுக்குத் தட்டின் உள் அகலம் குறைந்தது 560 மி.மீ. வேண்டும், உயரம் 380 மி.மீ., ஆழம் 550 மி.மீ. எங்கள் வீட்டு வேலையின்போது ஆசாரி அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு, "22 இஞ்ச் விட்டா சரியா வந்துரும் தங்கச்சி" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. 22 இஞ்ச் என்பது 558.8 மி.மீ. உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் 1 மி.மீ. மைக்கா ஒட்டியதும் 557-க்கும் கீழே போய்விட்டது. மெஷின் பாதி வரை போய் மாட்டிக்கொண்டது, இழுத்து வெளியே எடுத்து, மைக்காவை உரித்து, பலகையை இழைத்து மறுபடி ஒட்ட இரண்டு நாள் ஆனது. டேப்பில் மி.மீ. இருக்கும் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள், மைக்கா ஒட்டி முடித்த பிறகு உள்ளே எவ்வளவு நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஆழத்தையும் கவனியுங்கள். மேடைக்கு மேலே சுவரில் அடிக்கும் அலமாரி வழக்கமாக ஒரு அடி, மிஞ்சிப்போனால் 14 இஞ்ச் ஆழம்தான். 550 மி.மீ. கேட்கும் மெஷின் அங்கே உட்காரவே உட்காராது. ஆழம் குறைவாகப் போதும் மாடல்கள் சில இருக்கின்றன, மேலேதான் வைக்க வேண்டும் என்றால் அதைத் தேடி வாங்க வேண்டும். கடப்பாக் கல் தட்டு போட்ட பழைய அடுப்படியில் கல்லுக்குக் கல் இருக்கும் இடைவெளியைப் பிறகு அகலப்படுத்துவது பெரும் பாடு. தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் 2 அடி ஆழ அலமாரிதான் இதற்குச் சரியான இடம். இன்னொன்று, பல மாடல்களுக்குத் தட்டின் பின்பலகையே போடக் கூடாது, காற்று அந்த வழியாகத்தான் மேலே ஏறும். வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று ஆசாரி நல்ல மனதோடு பின்பலகை அடித்துவிடுவார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் நான் எந்த விட்டுக்கொடுத்தலும் செய்ய மாட்டேன். 900 வாட் என்று அட்டையில் போட்டிருப்பது சாப்பாட்டுக்குப் போகும் அளவு. சுவரிலிருந்து அந்த மெஷின் இழுப்பது 1300, 1400 வாட் வரை இருக்கும், கன்வெக்‌ஷனில் 2000 வாட்டைத் தாண்டும் மாடல்கள் உண்டு. மிக்ஸிக்குப் போட்ட 6 ஆம்ப் பாயின்ட்டில் அடாப்டர் செருகி இதை ஓட்டினால் பிளக் பழுப்பாகும், அப்புறம் உருகும். 16 ஆம்ப் சாக்கெட், மெயின் பெட்டியிலிருந்து அதற்கென்று தனி ஒயர், லோடு மீறினால் தானாக விழும் எம்.சி.பி. ஸ்விட்ச் தனியாக ஒன்று, இவை வேண்டும். ஃப்ரிட்ஜோடு ஒரே லைனில் சேர்க்காதீர்கள். இன்வெர்ட்டர் லைனில் தெரியாமல் இணைத்துவிட்ட வீட்டைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் போன நேரத்தில் மெஷினைப் போட்டதும் இன்வெர்ட்டர் கத்திக்கொண்டு நின்றுவிட்டது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், மெஷினின் உடம்பு முழுக்க இரும்புத் தகடு. எர்த் குழி கோடையில் வறண்டு போகும் நம் மண்ணில், அவ்வப்போது அதில் தண்ணீர் ஊற்றுவது வீட்டுக்காரர் வேலை. மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் பகுதியாக இருந்தால், ஸ்டெபிலைசருக்கும் இடம் யோசித்து வையுங்கள். வோல்டேஜ் குறைந்தால் நேரம் ஓடும், சாப்பாடு சூடாகாது.

சாக்கெட்டை மெஷினுக்கு நேர் பின்னால் வைக்கக் கூடாது. பிளக்கே இரண்டு இஞ்ச் ஆழத்தைத் தின்றுவிடும், மெஷின் அலமாரியை விட்டு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்து அலமாரிக்குள் வைத்தால் ஊருக்குப் போகும்போது கையை நீட்டி ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகலாம்.

எந்த உயரத்தில் வைப்பது என்பதில் பலர் அழகை மட்டும் பார்க்கிறார்கள். கொதிக்கும் ரசக் கிண்ணத்தை முகத்துக்கு மேலிருந்து இறக்குவது ஆபத்து. வீட்டில் அதிகம் சமைப்பவரின் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே மெஷினின் அடித்தட்டு வரட்டும், எடுத்ததும் வைக்க ஒரு கை தூரத்தில் மேடை இருக்கட்டும். பெரும்பாலான மாடல்களில் கதவு இடது பக்கமாகத் திறக்கும். இடது பக்கம் சுவரை ஒட்டி வைத்தால் கதவு முழுக்கத் திறக்காது, உள்ளே சுழலும் கண்ணாடித் தட்டை எடுத்துக் கழுவ முடியாமல் தவிப்பீர்கள். கேஸ் அடுப்புக்கு நேர் மேலே வேண்டவே வேண்டாம். மீன் குழம்புக்குத் தாளிக்கிற புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் காற்று ஓட்டைகளில் ஏறி அடைத்துவிடும். அக்னி மூலை பார்ப்பவர்கள் தென்கிழக்கில் அடுப்பையும் வைத்து, இதையும் அடுப்புக்கு மேலேயே வைக்கப் பார்க்கிறார்கள். அதே மூலையில் பக்கவாட்டில் தள்ளி வைத்தால் நம்பிக்கையும் கெடாது, மெஷினும் கெடாது.

பலகையில் மிச்சம் பிடிக்காதீர்கள். துகள் பலகை (பார்ட்டிகிள் போர்டு) நீராவியில் உப்பிவிடும். இந்த ஒரு அலமாரிக்காவது கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.பி. பிளைவுட் போடச் சொல்லுங்கள், அதற்கு ஐ.எஸ். 710 முத்திரை இருக்கும். இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும் பின்பக்கம் கரப்பான் பூச்சிக்குப் பிடித்த இடம். காற்று ஓட்டைகள் வழியாக மெஷினுக்குள் போய் சர்க்யூட் போர்டைக் கெடுத்துவிடும், பல்லியும் அப்படித்தான். காற்று வரும் வழியில் சன்னமான கம்பி வலையை அடித்து, அந்த வலையில் தூசி அடையாமல் மாதம் ஒரு முறை துடைத்து வந்தால் போதும்.

கதிர் வீச்சு என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அலையின் நீளம் சுமார் 12 செ.மீ., கதவுக் கண்ணாடியில் இருக்கும் வலையின் துளைகளோ ஒன்றிரண்டு மி.மீ. அலை அதைத் தாண்டி வராது. கதவு வளைந்திருந்தாலோ சரியாக மூடாவிட்டாலோ மட்டும் உபயோகிக்காதீர்கள். பரோட்டா பார்சலை அப்படியே உள்ளே வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், உறையின் உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும், சால்னா பையில் சில நேரம் ஸ்டேப்ளர் பின் இருக்கும், இரண்டும் பொறி பறக்கவிடும். எவர்சில்வர் கிண்ணமும் வேண்டாம். மேடையில் இருக்கும் மெஷினில் பொறி வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கலாம், அலமாரிக்குள் இருப்பதில் அவ்வளவு சீக்கிரம் முடியாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

கடைசியாக, மெஷினை வெளியே எடுக்கும் வழி. சுற்றி இடைவெளி தெரிகிறதே என்று சிலிகான் வைத்து அடைத்துவிட்டார்கள் ஒரு வீட்டில், சர்வீஸுக்கு எடுக்கும்போது முகப்புச் சட்டமே உடைந்தது. முன்பக்கத் திருகாணிகள் மட்டும் பிடித்தால் போதும். ஒயரை இறுக்கமாக இழுத்துக் கட்டாமல் இரண்டு அடி தளர்வாக விட்டிருந்தால், ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர் பிடித்து முன்னால் இழுத்து மேடையில் இறக்கிவிடலாம்.