பிட்ஸ்பர்க்கில் மேட்ச் பார்க்கப் போகிறீர்களா? காரை ஆற்றுக்கு இந்தப் பக்கமே விடுங்கள்

பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கென்று பிட்ஸ்பர்க் வருகிற நம்மவர்கள் பலர், தரிசனம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் பிஎன்சி பார்க் மைதானத்தில் பேஸ்பால் பார்க்கலாம். விதிமுறை புரியாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாம் பேஸ் பக்கம், மேல் தளத்தில் டிக்கெட் எடுங்கள். ஆறும் மஞ்சள் பாலமும் உயரக் கட்டடங்களும் எதிரே விரியும். எனக்கு ஆட்டத்தைவிட அதுதான் பிடித்தது.

மைதானத்தை ஒட்டி பார்க்கிங் தேடி அலையாதீர்கள். எதிர்க்கரையில் டவுன்டவுனில் (நகர மையத்தில்) காரை விட்டுவிட்டு ராபர்ட்டோ கிளமென்டே பாலத்தில் நடந்து ஆற்றைக் கடந்துவிடுங்கள். மேட்ச் நாளில் அதில் வண்டிகளை விடமாட்டார்கள், பாலம் முழுக்க ஜனம்தான். குழந்தைக்குக் கால் வலிக்கிறதா, சரி, 'டி' ரயில் இருக்கிறது. டவுன்டவுன் நிலையங்களிலிருந்து ஆற்றுக்கு அடியில் போய் நார்த் சைடு, அலெகெனி வரை கட்டணமே இல்லை. பேஸ்பாலுக்கு நார்த் சைடில் இறங்குங்கள். அமெரிக்கக் கால்பந்து நடக்கும் அக்ரிஷர் மைதானத்துக்கு அலெகெனி.

மைதானத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே ஓவியர் ஆண்டி வார்ஹோலின் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஏழு மாடி. லிஃப்டில் நேராக ஏழாவதுக்குப் போய், அப்புறம் ஒவ்வொரு தளமாக இறங்குங்கள். அவருடைய இளமைக்காலம் ஏழாவது தளத்தில்தான் தொடங்குகிறது.

இசைக்கு ஹைன்ஸ் ஹால். 1927-இல் சினிமா கொட்டகையாகக் கட்டியது. கச்சேரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பே போனால் சரவிளக்குகளை நிதானமாகப் பார்க்கலாம்.