கயிற்றில் எகிறும் நாய்க்கு வாய்க்கால் கரை ஆகாது

வேறு நாயைக் கண்டதும் கயிறு அறுந்துவிடும்போல எகிறிக் குரைக்கிற நாய் பெரும்பாலும் பயந்த நாய். கத்தினால் எதிரே இருப்பது போய்விடும் என்று பழகியிருக்கிறது. அந்த நேரத்தில் கயிற்றைச் சுண்டினால், வேறு நாய் வந்தாலே கழுத்து வலிக்கும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். கழுத்தை இறுக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு, நெஞ்சோடு பொருந்தும் ஹார்னஸும் ஆறடி நாடாக் கயிறும் வாங்குங்கள்.

இதற்கு மருந்து தூரம்தான். டெல்டாவில் அங்கேதான் சிக்கல். வாய்க்கால் கரையில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பயிர்; எதிரே நாய் வந்தால் ஒதுங்க இடமில்லை. சம்பா அறுத்த வயல் காலியாகத் தெரிந்தாலும் உளுந்தோ பயறோ முளைத்திருக்கும், எலிக்கு வைத்த விஷமும் கிடக்கலாம். நெல் காயாத நாட்களில் களம், இல்லையென்றால் ஊர்த் திடல், பள்ளி மைதானம்: நாலு பக்கமும் விலக முடிகிற இடமாகப் பாருங்கள். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். ஞாயிறு காலை கறிக்கடைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

உப்பில்லாமல் வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நகமளவு நறுக்கி, நடைக்கு நாற்பது துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறையுங்கள். வேறு நாய் தெரிந்தும் உங்கள் நாய் தீனி தின்கிற தூரத்தில் நில்லுங்கள். ஐம்பது மீட்டரானாலும் சரி. அது பார்த்த மறுநொடி ஒரு துண்டு, பார்க்கப் பார்க்க இன்னொன்று. அந்த நாய் மறைந்ததும் தீனியும் நிற்க வேண்டும். பலர் தவறுவது வரிசையில்: முதலில் பைக்குள் கை போனால், கோழி வந்தால் பின்னாலேயே நாய் வரும் என்று அது புரிந்துகொண்டு தீனியையே சந்தேகிக்கும்.

வேறு நாயைப் பார்த்துவிட்டு உங்கள் நாய் தானாகவே உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு இரண்டு மூன்று அடி நெருங்கலாம். வாயை மூடி உடம்பு விறைத்தாலோ, தீனியை வெடுக்கென்று பிடுங்கினாலோ நெருங்கியது அதிகம். திட்டாமல் திரும்பி நடந்துவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வெடித்தால் மறுநாள் வெளியே வேண்டாம். படபடப்பு அடங்க நேரமாகும். கொல்லையில் வைக்கோலைப் பரப்பி உள்ளே துண்டுகளைப் போட்டு மோந்து தேட விடுங்கள்.

தெரு நாய்கள் நெருங்கினால் அவற்றின் பக்கம் ஒரு கைப்பிடி தீனியை எறிந்துவிட்டு, ஓடாமல் விலகுங்கள். கல்லெடுக்கக் குனிந்தால் அவை ஓடும். கூடவே உங்கள் நாயும் மிரளும்.

இதோடு தடை தாண்டும் பயிற்சியையும் கொல்லையில் தொடங்குங்கள். ஓடவிட்டுக் களைக்கவைப்பது நோக்கமில்லை, அது படபடப்பைத்தான் ஏற்றும். உங்கள் கையைக் கவனித்து ஓடுகிற பழக்கம்தான் வேண்டியது. தரையில் கிடத்திய மூங்கில் கழி, பிறகு படுக்கவைத்த இரண்டு செங்கல்மேல். கால் பட்டால் உருண்டு விழும்படி கட்டாமல் வையுங்கள். ஒரு வயது ஆகாத நாயைக் குதிக்கவிடாதீர்கள். வளைந்து ஓட அறுபது சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட ஆறு சவுக்குக் கழி போதும். பத்து நிமிடத்தில் நிறுத்துங்கள். பழகியதும் கழிகளைத் திடலுக்குக் கொண்டுபோய், தூரத்தில் வேறு நாய் தெரியும்போது அதே ஓட்டம்.

சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறத் தொடங்கினால் பயிற்சிக்கு முன் காதையும் இடுப்பையும் பல்லையும் காட்டிவிடுங்கள். பக்கத்தில் மருத்துவர் இல்லையென்றால் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வலி இருக்கும்வரை கோழித் துண்டு வேலை செய்யாது.