வெளிநாட்டில் ஓர் அரசு ஊழியர்: செலவை மதிப்பிடும் முறை

தூதரகத்தில் ஓர் ஆளை உட்கார வைக்க ஆண்டுக்கு என்ன செலவாகும் என்று கேட்டால், சம்பளத்தின்மேல் ஏதோ ஒரு சதவீதத்தைப் போட்டுக் கொடுத்துவிடுகிறவர்கள் அதிகம். உள்நாட்டு அலுவலகத்துக்கு அது ஓரளவு ஒத்துவரும். கடல் தாண்டினால் ஒத்துவராது. அங்கே பெரிய செலவுகள் சம்பளத்தைப் பார்த்து ஏறுவதில்லை. வீட்டையும் பிள்ளைகளையும் டாலரையும் பார்த்து ஏறும்.

மத்திய அரசுக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் இருக்கிறேன். டெல்லியில் நிதிப் பிரிவில் வேலை பார்க்கும் தங்கை மகள், "அம்மான், வெளிநாட்டுல ஒரு புதுப் பதவிக்கு மதிப்பீடு கேக்குறாங்க, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று போனில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், கேட்பவருக்கு எந்தத் தொகை வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பதவியின் மொத்தச் செலவா, அதே ஆள் டெல்லியில் இருந்தால் ஆவதைவிடக் கூடுதலாக ஆவது மட்டுமா? இரண்டாவது என்றால் கழிக்க வேண்டியவை உண்டு. ஏழாவது ஊதியக் குழுவின் சம்பளப் பட்டியலில் லெவல் 7 என்ற படிநிலைக்குத் தொடக்கச் சம்பளம் 44,900 ரூபாய். டெல்லியில் வீட்டு வாடகைப் படி 30%, அதாவது மாதம் 13,470. வெளிநாட்டில் அரசு வீடு கொடுப்பதால் இது மிச்சம். உள்ளூர்ப் போக்குவரத்துப் படியும் அப்படித்தான். இதைக் கழிக்காமல் "கூடுதல் செலவு" என்று தலைப்புப் போட்டால் தணிக்கைக்காரர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

அடுத்து, ஒவ்வொரு செலவும் எதைப் பிடித்துத் தொங்குகிறது என்று பார்த்துப் பிரியுங்கள். சம்பளத்தைப் பிடித்துத் தொங்குவது ஓய்வூதியப் பங்கு போன்ற சிலதுதான். வீட்டு வாடகை ஊரைப் பொறுத்தது. பள்ளிக் கட்டணம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. விமானச் சீட்டும் சாமான் ஏற்றுவதும் மாறுதலுக்கு ஒருமுறை வருவது. யாருக்கு எது உண்டு என்பதற்கு 1961-ஆம் ஆண்டு பி.எல்.சி.ஏ. விதிகளை (இந்திய வெளியுறவுப் பணியின் சம்பளம், விடுப்பு, ஈட்டுப்படி விதிகள்) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; வெளிநாட்டுப் படியின் தொகைக்கு அந்த ஊருக்கான நடப்பு ஆணையைப் பாருங்கள், பக்கத்து நாட்டின் தொகையைக் கடன் வாங்காதீர்கள். விருந்தோம்பலுக்கென்று அதிகாரிகளுக்குக் கொடுக்கும் மானியம் அலுவலகச் செலவு. அதை ஊழியரின் சலுகையில் சேர்க்கவே கூடாது.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்க, முதலாளி அனுப்பிய மேலாளுக்கு (கடையை நடத்தும் முகவர்) மூன்று வருஷத் தவணை, அதாவது பணிக்காலம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக ஊரிலேயே கைக்கு வந்துவிடும். அங்கே சாப்பாடும் தங்குவதும் கடைச் செலவு. லாபத்தில் பங்கு உண்டென்றால் அது தவணை முடிந்த பிறகு. சம்பளச் சீட்டில் இருப்பது ஒன்று, கடைப் பேரேட்டில் ஏறுவது வேறு என்பது கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனுக்குக்கூடத் தெரியும். குடும்பத்தை இங்கேயே விட்டுப் போனதால்தான் அந்தக் கணக்கு அவ்வளவு மலிவாக முடிந்தது. மிச்சமான காசுக்கு விலை கொடுத்தவர்கள் ஊரில் பெரிய வளவு வீடுகளில் தனியாக இருந்த ஆச்சிமார்கள், அவர்களின் மனைவிமார். இன்று அரசு குடும்பத்தையும் சேர்த்து அனுப்புகிறது. செலவின் பெரும் பகுதி அங்கேதான்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 70,000 என்று வைப்போம். தேசிய ஓய்வூதியத் திட்டம் என்றால் அரசின் பங்கு 14%, ஆண்டுக்கு 1,17,600. 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்றால் 18.5%, ஆண்டுக்கு 1,55,400. இப்போது வீட்டுக்கு வாருங்கள். மாத வாடகை 2,500 டாலர், டாலர் 85 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 25,50,000. டாலர் 90 ஆனால் 27,00,000. ஐந்து ரூபாய் நகர்ந்ததில் ஒன்றரை லட்சம் கூடிவிட்டது, ஏறக்குறைய ஒரு வருஷ ஓய்வூதியப் பங்கு. ஓய்வூதியச் சதவீதத்துக்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதிவிட்டு, டாலர் விலையை ஒரே வரியில் கடக்கும் மதிப்பீடுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். மூன்று விலையில் போட்டுக் காட்டுங்கள். எந்தத் தேதி விலை என்றும் எழுதுங்கள்.

ஒருமுறைச் செலவை வருஷங்களுக்குப் பங்கிட வேண்டும். போக வர விமானச் சீட்டும் சாமானும் சேர்ந்து 9 லட்சம், தவணை மூன்று வருஷம் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். ஆளைப் பதினெட்டு மாதத்தில் திருப்பி அழைத்தால் அதுவே ஆண்டுக்கு 6 லட்சம். ஆகவே விதியில் உள்ள தவணையை அப்படியே எடுக்காமல், அந்த ஊரில் முன்பு இருந்தவர்கள் நிஜத்தில் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று பழைய கோப்பில் பாருங்கள். நடுவே வரும் தாயக விடுப்புப் பயணத்தைத் தனி இனமாகக் காட்டுங்கள். நாற்காலி காலியாக இருக்கும் மாதங்களிலும் வீட்டு வாடகை ஓடும், அதை மறக்காதீர்கள்.

பள்ளிக் கட்டணத்துக்குச் சராசரி உதவாது. ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள், அடுத்தவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆள் தெரிந்தால் ஆளை வைத்துப் போடுங்கள். தெரியாவிட்டால் பிள்ளை இல்லாமல், ஒன்று, இரண்டு என்று மூன்று தொகை. மருத்துவத்துக்குப் பல வருஷச் சராசரி எடுக்கலாம், ஆனால் நோயாளியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பெருஞ்செலவை அதில் கலக்காமல் தனியே வையுங்கள்.

அமெரிக்க அரசின் முறையிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். கடினமான ஊருக்கான கூடுதல் தொகையை அவர்கள் அடிப்படைச் சம்பளத்தில் 5 முதல் 35 சதவீதம் வரை கணக்கிடுகிறார்கள். விலைவாசிப் படியை மட்டும் முழுச் சம்பளத்தின்மேல் போடுவதில்லை. குடும்ப அளவைப் பொறுத்துச் செலவழிக்கக்கூடிய பகுதி எவ்வளவோ, அதன்மேல்தான். எந்தச் சதவீதத்தைக் கண்டாலும் "எதில்?" என்று கேட்டுவிட்டுப் பெருக்குங்கள்.

வரி பற்றி ஒரு சொல். இந்தியக் குடிமகனுக்கு வெளிநாட்டு வேலைக்காக அரசு அங்கே கொடுக்கும் படிகளுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(7) பிரிவு விலக்குத் தந்தது. சம்பளத்துக்கு அந்த விலக்கு இல்லை. தனியார் நிறுவனச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது மட்டும் இது தேவைப்படும்; பட்ஜெட் கணக்கில் இதற்குத் தனி இனம் தேவையில்லை.

கடைசியில் மேலதிகாரி, "சுருக்கமா ஒரு சதவீதம் சொல்லும்மா" என்பார். சொல்லலாம். ஆனால் அது அந்த ஊருக்கு, அந்தக் குடும்ப அளவுக்கு, அந்த டாலர் விலைக்கு மட்டும் என்று அதே வரியில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.